நாஞ்சில் நாட்டு வழக்கும் பேராசிரியர் நாடகமும்

நெடுநாள் நண்பராய் வாழ்ந்தவர் இருவர் நடுவே பழைய குற்றம் ஒன்று கிடக்கிறது. குற்றம் செய்தவர் யார் என்பதில் இருவர் நினைவும் ஒன்றுபடவில்லை. இருவரும் ஒருநாள் எதிரெதிரே நின்று அதனைப் பேசியே தீரவேண்டும் என்ற நிலை வருகிறது. நாடகம் எழுதுவோர்க்கு இதனினும் வளமான கரு கிடைப்பதரிது. ஆதலின் எல்லா நாட்டு மேடைகளிலும் இக்கரு மீண்டும் மீண்டும் தோன்றி வந்துள்ளது.

நம் பாரதக் கதையில் துரோணரும் துருபதனும் அத்தகையர். இளமையில் ஒன்றாய்ப் பயின்றனர்; அரசு கிட்டினால் உனக்கும் அதில் பங்குண்டு என்று துருபதன் சொன்னதாகத் துரோணர் நினைவு. அரியணை ஏறிய துருபதனோ, அரசனுக்கும் வறியவனுக்கும் நட்பேது என்றான். பின்னர் அருச்சுனனைக் கொண்டு அவனைக் கட்டிக் கொணர்வித்துப் பாதி நாட்டைத் துரோணர் தமதாக்கிக் கொண்டார். வழக்குத் தீர்ந்ததுபோல் தோன்றிற்று, தீரவில்லை. அந்தப் பகையின் பயனாய்ப் பிறந்த திட்டத்துய்மன் குருட்சேத்திரத்தில் துரோணர் தலையைக் கொய்தான். தெருக்கூத்தில் விடிய விடியப் பாரதம் கேட்ட தலைமுறையினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மேனாட்டிலும் இக்கரு அண்மைக்காலத்தில் மேடையேறியது. மைக்கேல் ஃபிரேன் எழுதிய 'கோபன்ஹேகன்' என்னும் ஆங்கில நாடகம் 1998ஆம் ஆண்டு இலண்டனில் அரங்கேறிற்று. டென்மார்க்கு நாட்டு அறிஞர் நீல்சு போர், அவருடைய பழைய மாணவரும் நண்பருமான செருமானியர் ஐசன்பர்க்கு ஆகிய இருவரும் 1941இல், செருமானியப் படை டென்மார்க்கைப் பிடித்திருந்த காலத்தில், சந்தித்துப் பேசினர். அணுவாற்றலைப் பற்றிய அந்தப் பேச்சில் யார் என்ன சொன்னார் என்பதில் போருக்குப் பின் இருவர் நினைவும் மாறுபட்டன. இறந்த பின்னும் இருவரும் போரின் மனைவியாரை உடன் வைத்துக்கொண்டு அந்த ஒருநாள் பேச்சையே திரும்பத் திரும்ப ஆராய்வதாக நாடகம் அமைந்துள்ளது. முடிவில் தீர்ப்பு இல்லை.

இவ்வளவு தொலைவு சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இவ்வகை நாடகங்களுள் ஒன்று நாம் வாழும் இந்தத் திருவனந்தபுர மாவட்டத்திலேயே, நம்மவர் ஒருவரால், தமிழில் எழுதப்பெற்றது. வித்துராவிலிருந்து நெடுமங்காடு வழியே பேருந்தில் நகருக்குச் செல்லும் நம் குடும்பத்தார் ஒவ்வொருவரும் அவர் வாழ்ந்த இடத்தைக் கடந்தே செல்கின்றனர். பேரூர்க்கடையில் வாழ்ந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீய'த்தையே குறிக்கின்றோம். அதன் பாயிரத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கம் 1970ஆம் ஆண்டில் தமிழக அரசு விழாக்களுக்குரிய பாடலாயிற்று. 2021இல் மாநிலப் பாடல் என்றே அறிவிக்கப்பெற்றது. நம் ஆண்டு விழாவிலும் அதனைப் பாடியே தொடங்குகின்றோம். பாடலை அறிந்த நாம் நாடகத்தை அறிந்தோமா? நாடகம் எந்த வழக்கைப் பற்றியது என்பதை எண்ணினோமா? இரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதிக் காலங்கழிக்கும், பள்ளியிறுதித் தேர்வளவே படிப்புடைய யாம், இயன்ற அளவில் அதனை இங்கு எடுத்துரைக்க முயல்கின்றோம்.

பேராசிரியர்

சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தார். பெற்றோர் பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள். கல்லூரிப் படிப்புத் திருவனந்தபுரத்தில். 1876இல் பி.ஏ. பட்டமும், 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இடையில் திருநெல்வேலியில் ஆசிரியப் பணி புரிந்தபோது கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராக ஏற்றார். நாடகத்தில் வரும் சுந்தர முனிவர் என்னும் பாத்திரத்திற்கு அவர் பெயரே அமைந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசுப் பணியிலும், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் பதவியிலும் அமர்ந்தார். தமக்குக் கற்பித்த டாக்டர் ஆர்வி என்னும் ஆங்கிலேயரை மறவாது, தம் பேரூர்க்கடை இல்லத்திற்கு ஆர்விபுரம் என்று பெயரிட்டார். தம் நாடகத்தையும் அவருக்கே உரிமையாக்கினார். 1891இல் நாடகம் அச்சேறிற்று. 1897இல், நாற்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார்.

இவ்வாழ்க்கையில் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவர் பிறந்த மண் மலையாள மண். அவர் தாய்மொழி தமிழ். அவர் உப்பிட்ட அரசு திருவிதாங்கூர் அரசு. அவர் ஞானம் பெற்ற இடம் நெல்லைச் சீமை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் அவர்க்குக் கடன் இருந்தது. நம் நிலையும் ஏறத்தாழ இதுவே. பொன்முடி, போணக்காடு முதலிய மலைகளின் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்தோர் வழியினர் சிலர். கடை வைத்தும் அரசுப் பணியேற்றும் வந்தோர் சிலர். ஆயினும் நம் பிள்ளைகள் பிறந்த ஊர் வித்துரா என்பதில் ஐயமில்லை.

நாடகக் கதை

லிட்டன் என்னும் ஆங்கிலப் புலவர் எழுதிய 'மறைவழி' என்னும் கதைப்பாட்டைத் தழுவி மனோன்மணீயம் எழுந்தது. மூலக்கதை சித்திய நாட்டிலும் பாரசீகத்திலும் நிகழ்வது. கனவிற் கண்ட காதலும், சுரங்க வழியும், இரண்டகம் செய்யும் அமைச்சனும் ஆங்கே உள்ளன. பேராசிரியர் கதையைத் தென்னாட்டுக்குக் கொணர்ந்தபோது நாஞ்சில் நாட்டு உரிமை வழக்கை அதனுட் புகுத்தினார். மூலத்தில் இல்லாத அவ்வழக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பாண்டியன் சீவகன் நல்லவன். ஆனால் சொல்வார் சொல்லை எளிதில் நம்புபவன். அவன் அமைச்சன் குடிலன் வஞ்சகன். குடிலன் பேச்சைக் கேட்டுச் சீவகன் மதுரையை விடுத்து நெல்லையில் கோட்டை கட்டிக் குடியேறுகிறான். அரசன் மகள் மனோன்மணி சேரன் புருடோத்தமனைக் கனவிற் கண்டு காதல் கொள்கிறாள். சேரனும் அவளைக் கனவிற் காண்கிறான். ஒருவர் பெயர் மற்றவர்க்குத் தெரியாது. குலகுருவான சுந்தர முனிவர், சேரனுக்கே பெண்ணைக் கொடுப்பது நலம் என்றும், நடராசன் என்னும் நல்லிளைஞனைத் தூதனுப்புக என்றும் அரசனுக்கு அறிவுரை கூறுகிறார். முனிவர் தம் இருப்பிடத்திற்கும் அரண்மனைக்கும் நடுவே ஒரு சுரங்கமும் அமைத்து வைக்கிறார்.

குடிலனுக்கோ தன் மகன் பலதேவனை அரசன் மருமகனாக்க ஆசை. ஆகவே மணத்தூதைத் தடுத்து, சேரனோடு நாஞ்சில் நாட்டு உரிமையை முதலில் பேச வேண்டும் என்று சொல்லித் தன் மகனையே தூதாக அனுப்புகிறான். சேரன் அவைக்கண் பலதேவன் பணிவின்றிப் பேசுகிறான். சேரன் சினந்து படையெடுக்கிறான். பாண்டியன் தோற்கிறான். உண்மைத் தொண்டனான நாராயணன் மீதே பழி சுமத்தப்படுகிறது. குடிலன் நம்பிக்கைக்குரியவனாகவே விளங்குகிறான். நள்ளிரவில் மனோன்மணியைப் பலதேவனுக்கு மணமுடிக்க ஏற்பாடாகிறது.

அதற்குள் குடிலன் சுரங்க வழியை அறிந்து சேரன் பாசறைக்குச் சென்று, சீவகனைப் பிடித்துத் தருகிறேன், பாண்டி நாட்டை எனக்குத் தருக என்று பேரம் பேசுகிறான். சேரன் அவனைப் பாராட்டவில்லை. விலங்கிட்டு, அவனையே வழிகாட்டச் செய்து அரண்மனைக்குள் வருகிறான். மணமண்டபத்தில் மனோன்மணி நிமிர்ந்து நோக்குகிறாள்; கனவிற் கண்டவன் நிற்கிறான்; கையிலிருந்த மாலையை அவனுக்கே சூட்டுகிறாள். ஐந்து அங்கம், இருபது களம், 4,502 வரிகள் கொண்ட நாடகம் இவ்வாறு நிறைவுறுகிறது. 1942இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் இதனை 'மனோன்மணி' என்று திரைப்படமாக்கினர், பி.யூ. சின்னப்பா அதில் நடித்தார். மேடையில் நடிப்பதினும் படிப்பதற்கே ஏற்றது என்று புலவர் பலர் கூறுவர்.

வழக்கின் பழமை

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரண்டு வட்டங்களும் அடங்கிய நன்செய் நிலம். புறநானூற்றிலேயே நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவன் புலவர்களாற் பாடப்பெறுகிறான். பொதியிற் பக்கத்து ஆய் மன்னர் இத்தென்முனையை ஆண்டனர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்தை வென்றதை அவன் செப்பேடு கூறுகிறது. அடுத்துச் சோழர் வந்தனர். கோட்டாற்றுக்கு மும்முடிச் சோழநல்லூர் என்ற பெயரும் வந்தது. சோழர் வலி குன்றியபின் வேணாட்டரசர் தெற்கே பரவினர். பின்னர் விசயநகரப் படையும், மதுரை நாயக்கர் படையும் கணவாய் கடந்து வந்தன. பதினேழாம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் நாயக்கர் படையோடு பொருது மாண்ட வேணாட்டு அமைச்சன் இரவிக்குட்டிப் பிள்ளையைப் பற்றிய கதைப்பாடல் தமிழிலேயே வழங்குகிறது. உடனிருந்த அமைச்சரே அவனைக் காட்டிக் கொடுத்தனர் என்று அப்பாடல் பேசுகிறது. வேணாட்டு வீரனுக்குத் தமிழில் ஒப்பாரி வைத்த மண் அது.

ஒரு வயலுக்கு இத்தனை பத்திரம் இருந்தால் எவர் பத்திரம் மெய்? எல்லாப் பத்திரமும் மெய்தான். எந்த நூற்றாண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அதற்கேற்ப உரிமையாளர் மாறுவார். பாண்டியன் பக்கத்தார் நெடுஞ்சடையனிலிருந்து எண்ணுவர். வேணாட்டார் தங்கள் அரசரின் கல்வெட்டுகளைக் காட்டுவர். உழுது பயிரிட்ட நாஞ்சில் நாட்டாரை எவரும் கேட்பதில்லை.

இதனைப் பேராசிரியர் நன்கறிவார். அவர் நாடக ஆசிரியர் மட்டுமல்லர். திருவிதாங்கூர் வரலாற்று ஆராய்ச்சிக்கு அடிகோலியவருள் ஒருவர். ஊரூராய்ச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, நாடகம் வெளிவந்து மூன்றாண்டுகளில், 1894இல், திருவிதாங்கூரின் பண்டைய அரசர் சிலரைப் பற்றி ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டார். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரைக் கல்வெட்டை உலகறியச் செய்தவர் அவரே. பதின்மூன்றாம் நூற்றாண்டு வேணாட்டரசனின் அதிகாரிகளும் ஊர்ச்சபையாரும் வரி பற்றி உடன்படிக்கை செய்துகொண்டதையும், விளைவு பொய்த்த ஆண்டில் குடிகளுக்கு விட்டுக்கொடுப்பதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. வேணாட்டரசரின் வரலாறு தமிழ்க் கல்வெட்டுகளில் கிடப்பதைத் தம் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர்.

அத்தகைய வரலாற்றறிஞர், நாஞ்சில் நாடு இன்னாருக்கே உரியது என்று நாடகத்தில் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கலாமன்றோ? எழுதவில்லை. நாடகத்தின் முடிவில் அவ்வழக்கை எவரும் எடுத்துப் பேசவில்லை. கதை இனிதே முடிந்த மகிழ்ச்சியில் நாமும் அதனைக் கேட்க மறந்து விடுகிறோம். இது சோர்வால் நேர்ந்ததன்று என்பதே எம் கருத்து.

முத்திரையை உடைத்தவர் யார்?

எம் அலுவலக வழக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுதல் பொருந்தும். சரக்கு வண்டியில் ஒரு நிலையத்திலிருந்து மறு நிலையத்திற்குச் சென்ற மூட்டைகளில் இரண்டு குறைகின்றன. அனுப்பிய நிலையத்தார், நாங்கள் எண்ணி ஏற்றினோம் என்று எழுதுவர். பெற்ற நிலையத்தார், நாங்கள் எண்ணி இறக்கினோம் என்று எழுதுவர். இருவரும் பல்லாண்டுகள் நட்போடு பழகியவராயிருப்பினும் கடிதத்திற்குக் கடிதம் சூடேறும். அநுபவமுள்ள எழுத்தர் இருவர் கணக்கையும் முதலில் ஆராய்வதில்லை. வண்டிக் கதவின் முத்திரை எந்த இடத்தில் உடைந்தது என்பதையே முதலில் பார்ப்பார். இருபுறத்தாரும் உண்மையே கூறியிருக்கலாம். இடைவழியில் கை வைத்தவன் வேறொருவனாயிருக்கலாம்.

மனோன்மணீயத்தில் முத்திரை உடைந்த இடம் தூது. சீவகன் சேரனுக்குச் சொல்ல விரும்பியது ஒன்று. சேரன் காதில் விழுந்தது மற்றொன்று. உறவு கோரும் சொல் வழியிலேயே களவாடப்பட்டது. பழைய வழக்கு மட்டும், அதுவும் இகழ்ச்சி கலந்து, சென்று சேர்ந்தது. நாஞ்சில் நாட்டு வழக்கு அதற்கு முன்னும் இருந்தது. அதனாற் போர் மூளவில்லை. அவ்வழக்கைத் தன் வீட்டு நலத்துக்குக் கருவியாக்கிக் கொள்ள ஒருவன் முன்வந்தபோதே போர் மூண்டது. பழங்குற்றம் விறகு போன்றது. கிடக்கும் வரை கிடக்கும். தீ வைப்பவன் குளிர்காய நினைப்பவனே.

இன்னொன்று. போரில் வென்ற சேரன், காட்டிக் கொடுக்க வந்தவனைத் தழுவிக் கொள்ளவில்லை. தன் பகைவனுக்குப் பகைவன் தனக்கு நண்பன் என்று கணக்கிடவில்லை. விலங்கிட்டான். தனக்கு ஆதாயம் தரும் வஞ்சகத்தையும் வஞ்சகமென்றே கண்ட அந்த நொடியில்தான் சமாதானத்திற்கு வழி பிறந்தது. சுரங்க வழி அதன்பிறகே அவனை மணமண்டபத்திற்குக் கொண்டு சேர்த்தது. நம் பக்கத்து நன்மைக்காகச் செய்யப்படும் பொய்யை நாமே முதலில் தடுத்தல் வேண்டும் என்பது இந்நாடகத்தின் சாரம் என்று யாம் கருதுகின்றோம்.

நாடகம் நாட்டில் நடந்தது

நாடகம் வெளிவந்த அதே 1891ஆம் ஆண்டில் பேராசிரியர்க்கு ஒரு மகன் பிறந்தார். நடராசன் என்று பெயரிட்டார். நாடகத்தில் தூது செல்லற்குரியவனாக முனிவர் சுட்டிய இளைஞன் பெயரும் நடராசனே. அவரே பி.எஸ். நடராச பிள்ளை. திருவிதாங்கூர் காங்கிரசின் முன்னணித் தலைவருள் ஒருவராகத் திகழ்ந்து, பட்டம் தாணுப் பிள்ளை முதலியவர்களோடு பொறுப்பாட்சிக்குப் போராடினார். அதற்குத் தண்டனையாகத் திவான் சர். சி.பி. இராமசாமி ஐயர் ஆட்சியில் ஆர்விபுரம் சொத்துப் பறிமுதலாயிற்று.

நாடு விடுதலை பெற்றது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் 1949இல் அமைந்தது. மொழிவழி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கை எங்கும் எழுந்தபோது, நாஞ்சில் நாட்டு வழக்கும் மீண்டும் மேடையேறியது. தென் வட்டங்களையும் தேவிகுளம், பீர்மேடு முதலியவற்றையும் தமிழகத்தோடு சேர்க்கத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடிற்று. நாகர்கோயில் வழக்கறிஞர் நேசமணி அதன் தலைவர். ஆட்சியில் இருந்தவர்களும் கிளர்ச்சி செய்தவர்களும் ஒரே நாட்டில், ஒரே மன்றங்களில் பழகியவர்களே. 1954இல் பட்டம் தாணுப் பிள்ளை தலைமையில் பிரசா சோசலிசுட்டு அமைச்சரவை அமைந்தது. அதில் நிதியமைச்சர் யார்? நாடகாசிரியரின் மகனார் நடராச பிள்ளை!

அவ்வாண்டு ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவற்படையினர் சுட்டதில் தமிழர் உயிரிழந்தனர். சோசலிசுட்டுத் தலைவர் இராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று கோரினார். மக்களாட்சியில் ஓர் அரசு தன் மக்கள் மீது குண்டு பாய்ச்சிவிட்டு நீடித்தல் தகாது என்பது அவர் வாதம். பட்டம் விலகவில்லை, அமைச்சரவை 1955 பிப்ரவரியில்தான் வீழ்ந்தது. தன் பக்கத்தார் செய்த தவற்றைத் தானே தடுத்தல் என்று மேலே கூறினோமே, அந்தச் சோதனை இங்கு உண்மையாகவே வந்தது. அதில் தனித்து நின்றவர் லோகியா. அதற்காக அவர் கட்சியே பிளவுபட்டது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு முதலியன கேரளத்தில் நின்றன. இருபக்கத்தாருக்கும் முழு நிறைவில்லை. தெற்கே இருப்பவர் சுடப்பட்டவர்களை நினைவுகூர்கின்றனர். வடக்கே இருப்பவர் தம் பழைய தலைநகரும் நெற்களஞ்சியமும் கைவிட்டுப் போயின என்று நினைவுகூர்கின்றனர். இரண்டும் மெய்யான வருத்தமே.

நடராச பிள்ளையோ இங்கேயே இருந்தார். எளிய வாழ்வு வாழ்ந்தார். 1962இல் திருவனந்தபுரம் தொகுதி மக்கள், மலையாளம் பேசுவோர் பெரும்பான்மையராயிருந்தும், சுயேச்சையாக நின்ற இத்தமிழரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வழக்கு முடிந்து ஆறே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. 1966இல் அவர் மறைந்தார். பேரூர்க்கடை அரசுப் பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்திலிருந்து அதனைப் பார்க்கும் நம் குழந்தைகளுக்கு அப்பெயர் யாருடையது என்று பெற்றோர் சொல்லுதல் வேண்டும்.

எல்லைக்கு மேல் செல்லும் உறவு

எல்லை பிரிந்தபின் இருநாட்டாரும் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதற்குச் சான்றுகள் உள. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் உள்ளது. அதனைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். களியக்காவிளையில் தமிழகக் காவலர் வழியனுப்பக் கேரளக் காவலர் அணிவகுத்து வரவேற்கின்றனர். ஒருகாலத்தில் துப்பாக்கி ஏந்தி எதிர்த்து நின்ற சாலையில் இன்று அணிவகுப்பு மரியாதை!

எம் துறையிலும் ஒன்று கூறலாம். 1979 வரை திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்கு இருப்புப்பாதை கிடையாது. நெல்லை செல்வோர் கொல்லம், செங்கோட்டை வழியே மலையைச் சுற்றிச் சென்றனர். 1979இல் கன்னியாகுமரிப் பாதை திறக்கப்பெற்றது; 1981இல் நாகர்கோயிலும் திருநெல்வேலியும் இணைந்தன. மாநில எல்லை பாறசாலைக்கு அப்பால் முடிந்தாலும் திருவனந்தபுரம் இரயில்வே கோட்டம் நாகர்கோயிலையும் கன்னியாகுமரியையும் உட்கொண்டுள்ளது. பயணச்சீட்டுக்கு எல்லை வழக்குத் தெரியாது.

வித்துராவில் நின்று கிழக்கே நோக்கினால் தோன்றும் மலைத்தொடரில் அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. தமிழ் முனிவர் உறைவதாகச் சொல்லப்படும் அம்மலையின் கீழ்ப்புறம் பொருநை பிறந்து நெல்லைக்கு ஓடுகிறது. மேற்புறம் நெய்யாறும் கரமனையாறும் பிறந்து நம் மாவட்டத்தை வளப்படுத்துகின்றன. மழை பெய்யும்போது எந்தத் துளி எந்த நாட்டுக்கு என்று மலை கேட்பதில்லை.

நமக்குரிய பணி

இவ்வாண்டு விழாவிற்கு மனோன்மணீயத்தின் தூதுக் களத்தைச் சிறுவர்களைக் கொண்டு நடிப்பிக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. பெரியவர் ஒருவர் மறுத்தார். 1954இல் இளைஞராயிருந்த அவர், "அந்த நாஞ்சில் பேச்சை ஏன் கிளறுகிறீர்கள்? முன்வரிசையில் நம் அயலார் அமர்ந்திருப்பார்களே" என்றார். வேறு சிலர், "நம் கதையை நாம் நடிக்க எவர்க்கு அஞ்ச வேண்டும்?" என்றனர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. மறைத்து வைத்த வழக்கு அழுகும். வம்புக்கு இழுத்த வழக்கு எரியும்.

எம் கருத்து இது. தூதுக் களத்தை மட்டும் தனியே எடுத்து நடித்தல் தகாது. அவ்வாறு நடித்தால் பலதேவன் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். வழக்கு மட்டும் சென்று சேரும், உறவு சேராது. முனிவர் அறிவுரை, தூது, பாசறையில் குடிலனுக்கு விலங்கு, மணமண்டபம் ஆகிய நான்கு களங்களையும் சுருக்கியேனும் சேர்த்து நடித்தல் வேண்டும். கதைச் சுருக்கத்தை மலையாளத்தில் எழுதி, அயல் நண்பர் ஒருவரையே மேடையேறிப் படிக்கச் செய்தல் வேண்டும். பெரியவர் கண்ட 1954ஐ அவர் வாயாலேயே இளைஞர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதே நாளை அயல் வீட்டுப் பெரியவர் எவ்வாறு நினைவில் வைத்துள்ளார் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே ஏட்டில் இருந்தால், நாளை வருவோர் முத்திரை எங்கே உடைந்தது என்று தாமே கண்டுகொள்வர்.

இக்கருத்தைக் கேட்டபின் அப்பெரியவர், "அப்படியானால் சீவகன் வேடத்தை எனக்குக் கொடுங்கள்" என்றார். ஏமாற்றப்பட்ட அரசனின் துயரம் தமக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம் போலும். குழுவினர் மகிழ்ந்து இசைந்தனர். இம்மலர் உங்கள் கைகளில் தவழும் நாளில் அந்நாடகமும் உங்கள் கண்முன் நடைபெறும். அனைவரும் அயலாரோடு குடும்ப சமேதராய் வந்திருந்து கண்டு களித்து, குறையிருப்பின் பொறுத்து, நிறையிருப்பின் சிறுவர்களைப் பாராட்டுமாறு வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! ஓங்குக அயலார் நட்பு!